மரத்தில் பறந்த மாருத்

கேள்வி: எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) மியூசியத்தில் மாருத் போர் விமானத்தைப் பார்த்ததிலிருந்து, "இறக்கை ஏன் பின்னாடி சாய்ஞ்சிருக்கு?" என்று என் மகன் துளைக்கிறான். முதலில் அதை மரத்தில் செய்து, இன்ஜினே இல்லாமல் பறக்கவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். நிஜமா ஐயா?
- ஒரு வாசகி, முருகேஷ்பாளையா, பெங்களூரு

பதில்: நிஜம்தான் அம்மா. எழுபதுகளில் மாருத் இறக்கையில் ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடித்தவன் நான். ரிவெட் தலை விரலில் லேசாகத் தட்டுப்பட்டாலும் சூப்பர்வைசர் விடமாட்டார். பிடுங்கிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

மகனுக்கு ஒரு வாழைக்காயை நறுக்கிக் காட்டுங்கள். நேராக நறுக்கினால் வட்டம். சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம். காயின் கனம் அதேதான், நீளம் கூடியதால் மெலிந்து தெரியும். சாய்ந்த இறக்கையைக் கடக்கும் காற்றுக்கும் இறக்கை அப்படி மெலிந்துதான் தெரியும். ஒலி வேகத்தை நெருங்கும்போது அதிர்வலை கிளம்பி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் அல்லவா, அது அதனால் தள்ளிப்போகும்.

மாருத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், அர்ஜென்டினாவில் புல்கி 2 என்ற சாய்ந்த இறக்கை ஜெட்டைச் செய்துவிட்டு 1956-இல் பெங்களூரு வந்தவர். இங்கே முதலில் முழு அளவில் ஒரு மரக் கிளைடர் செய்தார்கள். பெயர் எக்ஸ்-241. டகோட்டா விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டுவிடும், அப்புறம் அது தானே மிதந்து இறங்கும். 1959-இல் தொடங்கி 78 முறை பறந்தது. இன்ஜின் கைக்கு வரும் முன்பே இறக்கையின் குணத்தைக் காற்றில் பார்த்துவிட்டார்கள். தச்சு வேலையை நம்பி ஏறிய விமானிகளை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்ற கனவு பலிக்காததற்கு அந்த இறக்கை காரணமில்லை. எதிர்பார்த்த பெரிய ஆர்ஃபியஸ் இன்ஜினை பிரிட்டன் கைவிட்டது. சின்ன ஆர்ஃபியஸ் இரண்டோடு ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

1961 ஜூனில் அசல் மாருத்தை முதலில் ஓட்டிப் பறந்தவர் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரி 10-ஆம் தேதி, ஒரு மாருத் சோதனைப் பறப்பிலேயே உயிரை விட்டார். உங்கள் பக்கத்து சுரஞ்சன் தாஸ் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. பஸ்ஸில் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறவர்கள் பலருக்கு அவர் யாரென்று தெரியவில்லை; அதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் மகனிடம் சொல்லிவையுங்கள்.