எதிரிச் சிப்பாயே குடை

கேள்வி: 1924 நியூயார்க் சதுரங்கப் போட்டியில் டார்ட்டகோவருக்கு எதிராக, யானை எண்ட்கேமில் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய இறுதிக் கட்டத்தில்) இரண்டு சிப்பாய்களை விட்டுக்கொடுத்து கபாபிளாங்கா ஜெயித்தாராமே? நான் ஒன்றை விட்டாலே தோற்கிறேன்.

பதில்: 34-ஆவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையை அடுக்கிப் பாருங்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணிய குறுக்கு வரிசை.) வெள்ளை (கபாபிளாங்கா): ராஜா எஃப்3, யானை ஹெச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு (டார்ட்டகோவர்): ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5.

சி3-க்குக் காவல் இல்லை. பதறிப்போய் யானையைப் பின்னால் இழுப்பதுதான் நம் வழக்கம். இழுத்தால் ஏழாம் வரிசை போய்விடும், அடைபட்ட கறுப்பு ராஜா வெளியே வந்துவிடும். கபாபிளாங்கா யானையைத் தொடவே இல்லை. ராஜாவை ஜி3-க்கு நகர்த்தினார். கறுப்பு யானை சி3-ஐ செக்கோடு வெட்டியது. வெள்ளை ராஜா ஹெச்4. கறுப்பு யானை எஃப்3, வெள்ளைச் சிப்பாய் ஜி6. எஃப்4-உம் செக்கோடு போனது. வெள்ளை ராஜா ஜி5, கறுப்பு யானை இ4.

அடுத்ததுதான் சூட்சுமம். கறுப்பின் எஃப்5 சிப்பாய் காவலின்றிச் சும்மா கிடக்கிறது. அதை ராஜாவால் வெட்டினால் கறுப்பு யானை டி4-ஐ வெட்டித் தப்பிக்கும். பிறகு திறந்த எஃப் வரிசையில் செக் மேல் செக். கபாபிளாங்கா அதைத் தொடாமல் ராஜாவை எஃப்6-க்குக் கொண்டுபோனார். கீழிருந்து வரும் செக்கை இனி கறுப்பின் சிப்பாயே குடைபோல மறைக்கிறது. இப்போது டி4-ஐ வெட்டினால் யானை ஹெச்8, மேட்! ஆகவே கறுப்பு ராஜா ஜி8-க்கு ஒதுங்கியது. வெள்ளை யானை ஜி7-இல் செக், கறுப்பு ராஜா ஹெச்8, வெள்ளை யானை சி7-ஐ வெட்டி மீண்டும் மேட் மிரட்டல். கறுப்பு யானை இ8-க்கு இறங்கிக் காவல் நிற்க வேண்டியதாயிற்று. குடையின் வேலை முடிந்தது. 42-ஆவது நகர்த்தலில்தான் எஃப்5-ஐ வெட்டினார். ஏ7, டி5 இரண்டும் பின்னாலேயே விழுந்தன. 52-இல் டார்ட்டகோவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

உங்கள் ஆட்டத்தில் சிப்பாயை விடுமுன் எதிரி ராஜா கடைசி வரிசையில் அடைபட்டிருக்கிறதா, உங்கள் சிப்பாய் ஆறாம் வரிசையை எட்டுமா, உங்கள் ராஜாவுக்கு ஒளிய இடம் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

கேள்வி: யானையோடு ஒரு சிப்பாயும் எதிரிக்கு இருக்கிறது. என்னிடம் யானை மட்டும். டிரா உண்டா?

பதில்: உங்கள் ராஜா அந்தச் சிப்பாயின் வழியை மறித்து நின்றால் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் பெயரிலான பிலிடோர் முறை அது. உங்கள் பக்கமிருந்து எண்ணி மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்துங்கள். எதிரி ராஜா அதற்குள் நுழைய முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த மறு நகர்த்தலிலேயே யானையை எதிரியின் முதல் வரிசைக்கு அனுப்பி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டு முன்பே அனுப்பினால், எதிரி ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் போய் ஒளிந்துகொள்ளும்.