மலையா கடலா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: எங்களுக்கு 5 வயதில் மகள், 2 வயதில் மகன். அக்டோபர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில் மூன்று இரவு எங்காவது போய்வரலாம் என்று பேச ஆரம்பித்தோம். பேச்சு இப்போது வாக்குவாதத்தில் வந்து நிற்கிறது. இலைகள் நிறம் மாறியிருக்கும், மலைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் கணவர். காரில் ஐந்தரை மணி நேரம். மகளுக்கோ வளைவுப் பாதை என்றாலே வாந்தி. இரண்டு மணி நேரத்தில் ஒரு சிறிய கடற்கரை ஊர் இருக்கிறது, அங்கே போகலாம் என்றால், "இந்தக் குளிரில் யாராவது கடலுக்குப் போவார்களா?" என்று சிரிக்கிறார். கூட வரப்போகும் என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவர், "நீச்சல்குளம், விளையாட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற பெரிய ரிசார்ட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குப் பொழுது போகும்" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடற்கரை ஊருக்கே போங்கள்.

ஆனால் உங்கள் கட்சி ஜெயித்தது கடலால் அல்ல, அந்த இரண்டு மணி நேரத்தால். அதே தூரத்தில் ஒரு காடோ ஏரியோ இருந்து, அதை உங்கள் கணவர் சொல்லியிருந்தால் அவர் பக்கம் பேசியிருப்பேன்.

மூன்று இரவு என்றால் கையில் இருப்பது நடுவில் இரண்டு முழு நாள்தான். போகிற நாளும் திரும்புகிற நாளும் மூட்டை கட்டவும் அவிழ்க்கவுமே சரியாகிவிடும். வரைபடம் காட்டும் ஐந்தரை மணி நேரம், பின்சீட்டில் குழந்தை இல்லாதவர்களுக்கானது. சின்னக் குழந்தையை இரண்டு மணிக்கு ஒருமுறையாவது இருக்கையிலிருந்து இறக்கிக் கைகால் நீட்ட விட வேண்டும். கழிப்பறை, சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாம் சேர்ந்தால் ஏழு, ஏழரை மணி நேரம் ஆகும். திரும்பும்போதும் அதே கதை. பையனின் மதியத் தூக்கம் எவ்வளவு நேரமோ, பயணமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவன் கண் மூடும் நேரத்தில் கிளம்பி, விழிக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மகளின் வாந்தியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 வயதுக்குக் கீழ் இந்தத் தொல்லை அபூர்வம். அதற்குப் பிறகு தொடங்கி 12 வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் படுத்தும். உடம்பு அசைவதை உள்காது உணர்கிறது. கண்ணோ முன் இருக்கையின் முதுகையோ கையிலிருக்கும் படப் புத்தகத்தையோ பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. அதனால் சமாதானப்படுத்துவதாக நினைத்து போனையோ டேப்லெட்டையோ கையில் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள். மாத்திரை என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு போதும். ஐந்தரை மணி நேர மலைப்பாதைக்கு எதுவும் போதாது.

இனி உங்கள் கணவரின் இலைகள். அவர் ஆசையில் தப்பே இல்லை. வெயில் அடிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வரும் ஆண்டில் மலைச்சரிவு முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்தான். பச்சையம் சிதையும்போது இலையில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் அந்த நாட்களில் புதிதாக உண்டாவது, அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், ஓர் இடத்தில் இந்த உச்சம் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்தான் நிற்கும். உயரமான இடங்களில் முன்னாலேயே முடிந்துவிடும். ஒரு ராத்திரிக் காற்றும் மழையும் சேர்ந்தால் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். உங்கள் விடுமுறைத் தேதியைப் பள்ளி முடிவு செய்துவிட்டது. மரங்கள் அதைக் கேட்டு நடக்கப் போவதில்லை.

சரி, இலைகள் அப்படியே காத்திருந்தன என்றே வைத்துக்கொள்வோம். 5 வயதுப் பிள்ளை காட்சிமுனையில் என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சாக எரிந்துகொண்டிருக்கும். அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கிடக்கும் இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். முழு இலை ஒரு குவியல், ஓட்டை விழுந்தது ஒரு குவியல், காம்பு இல்லாதது "பாவம்" என்று தனியாக ஒரு குவியல். தம்பி வந்து எல்லாவற்றையும் மிதித்துவிட்டுக் குட்டையில் இறங்குவான். அந்த வயதில் அவர்கள் பார்ப்பது முழங்கால் உயரத்துக்குள் இருப்பதை மட்டும்தான். அதற்கு ஐந்தரை மணி நேரம் போக வேண்டியதில்லை, நான்கு மரம் இருந்தால் போதும். அந்தக் கடற்கரை ஊரிலும் நான்கு மரம் இருக்கும்.

இடத்தை விட நான் அதிகம் கவலைப்படுவது சாயங்காலத்தைப் பற்றி. இலையுதிர்காலப் பயணம் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். அதற்குப் பிறகு, வட ஐரோப்பா மாதிரி இடங்களில் பகல் தினம் மூன்று நிமிடத்துக்கு மேல் சுருங்கிக்கொண்டே போகும். அக்டோபர் கடைசியில் லண்டன், பாரிஸ் பக்கம் பகல் வெறும் பத்து மணி நேரம். இதில் கடிகார மாற்றம் வேறு. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான பகுதிகளில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். 6 மணிக்கு எழும் உங்கள் மகன் அன்று 5 மணிக்குத் தயாராக நிற்பான், சாயங்காலம் 5 மணி வாக்கிலேயே வெளியே இருட்டத் தொடங்கிவிடும். உங்கள் தேதி இந்த ஞாயிறைத் தொடுகிறதா என்று இன்றே பாருங்கள். தொட்டால், அந்த இரவு வீட்டில் இருக்கும்படி தேதியை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

அந்த இருட்டில் 5 மணிக்கும் தூங்கும் நேரத்துக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அதை எங்கே கழிப்பீர்கள்? என் வரிசையில் இதுதான் முதல் கேள்வி, மலையா கடலா என்பது அப்புறம். அதனால் முதலில் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஊர் அதன் பின்னால் வரட்டும்.

ஹோட்டலில் ஒற்றை அறை எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஏழரைக்குப் பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைக்க வேண்டும். நீங்கள் இருவரும் குளியலறை வாசலில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசுவீர்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால்கூடச் சத்தம் கேட்கும். கதவு சாத்திக்கொள்ளும் படுக்கையறையும், தனியாக உட்கார ஒரு கூடமும், சின்னதாக ஒரு சமையலறையும் உள்ள வீடாகப் பாருங்கள். கடலைப் பார்த்த பால்கனி வேண்டாம், 2 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அது சந்தோஷத்தை விடக் காவல் வேலைதான். கதவைத் திறந்தால் நேராகத் தரை, வாகனம் வராத ஒரு துண்டு நிலம், பதினைந்து நிமிட நடைக்குள் கடற்கரை. அவ்வளவு போதும்.

முன்பதிவுக்கு முன் உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். படங்கள் சொல்லாத விஷயங்கள் நிறைய. ஹீட்டரை நாம் கூட்டிக் குறைக்க முடியுமா, இல்லை அவர்கள் வைத்த சூடுதானா? நனைந்த காலணியும் உடுப்பும் காயப்போட இடம் உண்டா? இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. ஆனால் முதல் நாள் சாயங்காலமே இரண்டு ஜோடி ஷூவும் ஈரமாகிவிடும். வாசலில் எத்தனை படி, மாமியாரின் படுக்கையறை கீழ்த்தளத்திலா? கைக்குழந்தைக் கட்டில் தருவார்களா? விறகு அடுப்போ எரிவாயு ஹீட்டரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அடுப்பைச் சுற்றித் தடுப்பு உண்டா? அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, அதனால் இந்த ஒன்றில் மட்டும் "இருக்கும் என்று நினைக்கிறேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கையடக்க அலாரம் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

"குளிரில் கடலா?" என்ற கேள்விக்கு வருவோம். நிலம் போலத் தண்ணீர் சட்டென்று ஆறுவதில்லை. வட பகுதிக் கடல்களில் தண்ணீர் வெதுவெதுப்பின் உச்சத்தைத் தொடுவதே ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில்தான். அதனால் பல கடற்கரைகளில் அக்டோபர் தண்ணீர் மே மாதத் தண்ணீரை விட இளஞ்சூடாகவே இருக்கும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லலாம், ஆனால் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். இலையுதிர்காலத்தில் காற்றும் அலையும் முரட்டுத்தனமாக இருக்கும், கடற்கரை உயிர்காப்புக் காவலர்களும் பல இடங்களில் கிளம்பிப் போயிருப்பார்கள். சின்ன உடம்பு எடைக்குத் தோல்பரப்பு அதிகம் என்பதால் நம்மை விட வேகமாகச் சூட்டை இழக்கும். கடல் அங்கே பார்ப்பதற்கு, மணல் தோண்டுவதற்கு. கோடையில் கால் வைக்க இடமில்லாத கரை காலியாகக் கிடக்கும். ஒரு மண்வாளி, ரப்பர் பூட்ஸ், மழைக்கால்சட்டை இருந்தால் பையன் ஒரே குழியை முற்பகல் முழுக்கத் தோண்டுவான். கடல்மட்டம் உயர்ந்து ஓதம் ஏறும் நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

மாமியார் சொன்ன ரிசார்ட்டை நான் ஒதுக்கவில்லை. மூன்று நாளும் கொட்டப்போகிறது என்று வானிலை சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. மற்றபடி, சின்ன ஊரிலேயே மழைக்கு ஒதுங்க ஒரு நீச்சல்குளமோ மீன்காட்சியகமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போதும். சீசன் முடிந்து இழுத்து மூடியிருப்பார்கள், அல்லது வார இறுதியில் மட்டும் திறப்பார்கள், ஆகவே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அப்புறம் இன்னொன்று. பாட்டி கூட வருகிறார் என்பதற்காக மூன்று நாளும் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிடாதீர்கள், அவருக்கும் அது விடுமுறைதான். ஒரு சாயங்காலம் மட்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவரிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

இருட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். கோடையில் சூரியன் மறைவதற்குள் தூங்கிவிடும் பிள்ளைகளுக்கு ராத்திரி என்பதே தெரியாத தேசம். ஆளுக்கொரு டார்ச் கொடுத்து ஐந்தரைக்கு வெளியே கூட்டிப் போங்கள். கொஞ்சம் நடந்ததும் எல்லோரும் டார்ச்சை அணைத்துவிட்டு என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். மகளுக்கு இந்த ஒரு விளையாட்டிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். பகலில் மரத்தடியில் விளையாடினால் இரண்டு விஷயத்தில் கண் இருக்கட்டும். காளானும் பளபளக்கும் கொட்டையும் பையன் வாய்க்குப் போகக் கூடாது, அவற்றில் விஷமுள்ளவை உண்டு. புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணிகள் இலையுதிர்காலத்திலும் சுறுசுறுப்பாகவே இருக்கும். குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

காரில் ஏற்றும்போது பஞ்சு அடைத்த தடிமன் கோட்டோடு குழந்தை இருக்கையில் கட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் அந்தப் பஞ்சு அமுங்கி, இறுக்கமாக இருந்த பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய ஸ்வெட்டரோடு கட்டிவிட்டுக் கோட்டை மேலே போர்த்துங்கள்.

பணம் கட்டும்போது, கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் கடைசி நேரத்தில் ரத்து செய்ய முடிகிற கட்டணத்தையே எடுங்கள். பள்ளி திறந்து சில வாரத்தில் சளியும் காய்ச்சலும் வீடு வீடாக வரும் பருவம் இது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்காவது மூக்கு ஒழுகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வெறும் சளிக்குப் பயணத்தை நிறுத்த வேண்டாம், காய்ச்சலுக்கு நிறுத்துங்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தால் நடுவில் திரும்பி வருவதும் பெரிய விஷயமில்லை.

உங்கள் கணவரிடம் "நான் சொன்னதுதான் சரி என்று பத்திரிகையிலேயே வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மலையை அவருக்கு வேறு விதமாகக் கொடுங்கள். நடுவில் வரும் இரண்டு நாளில் ஒரு முற்பகல் முழுக்க அவருடையது. பக்கத்தில் எந்தக் காட்டுக்குப் போவது என்று அவரே தேடட்டும், மகளை அழைத்துக்கொண்டு அவரே போகட்டும். குழி தோண்டுகிறவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்று கேளுங்கள். விடுமுறை வாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள்தான் முதலில் போகும்.