மாடி சோலாருக்கு எந்தப் பைப்? கேள்வி பதில்

வீட்டு மாடியில் சோலார் போடுகிறவர்கள் கேபிள் ஓட்டும் பைப் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரம்: அண்ணா, வீட்டு வயரிங்குக்கு வாங்கிய வெள்ளை பிவிசி பைப் மீதம் இருக்கிறது. 3 கிலோவாட் சோலாருக்கு அதையே ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. அது சுவருக்குள் புதைக்கிற பைப். மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் சில வருஷத்தில் மேலே மாவு பூத்தது போல வெளுத்துவிடும். அப்புறம் லேசாகத் தட்டினாலே நொறுங்கும். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி வாங்கிவிட்டுப் பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிவிசி, கறுப்பு எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக் வகை), ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), இந்த மூன்றில் ஒன்றைப் போடுங்கள். எச்டிபிஇ பைப்பில் கலந்திருக்கிற கார்பன்தான் அந்தக் கதிரைத் தடுக்கிறது. பிவிசி என்றால் ஐஎஸ் 9537 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். மீடியம் அல்லது ஹெவி வாங்குங்கள், லைட் வேண்டாம்.

திருச்சி: சோலார் கேபிளே வெயில் தாங்கும் என்கிறார்கள். பிறகு பைப் எதற்கு சார்?

வெயிலைத் தாங்கும், சரி. அணில் பல்லையும், கைப்பிடிச் சுவரின் கூரான விளிம்பையும் தாங்காதே. 540 வாட் பேனல் ஆறைத் தொடராக இணைத்தால் மின்சாரம் எடுக்காத நேரத்தில் சுமார் 300 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வரும். டிசியை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும், பகலில் பேனலிலிருந்து வரும் கேபிளில் அந்த அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். நம் வீட்டு ஏசி மின்சாரம் (திசை மாறி மாறி ஓடுவது) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், அதில் பொறி பறந்தாலும் அணைய வழி உண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. உறை கிழிந்த இடத்தில் பொறி பிடித்தால் நின்று எரியும். மாடியில் துணி காயப் போடப் பெண்களும் விளையாடப் பிள்ளைகளும் போகிற வீட்டில் கேபிளைத் திறந்து விடவே கூடாது.

நாகப்பட்டினம்: எலக்ட்ரீஷியன் ஜிஐதான் உறுதி என்கிறார், ஐயா. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடற்கரைக்கு நான் ஜிஐ சொல்லமாட்டேன். அறுத்த முனையிலும் மரை வெட்டிய இடத்திலும் துத்தநாகப் பூச்சு போய்விடும். உப்புக் காற்று அங்கேதான் முதலில் பிடிக்கும். வெயில் தாங்கும் ஹெவி பிவிசி போடுங்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் எலித் தொல்லை இருக்கும் வீடுகளுக்கு ஜிஐ நல்லதுதான். ஆனால் அறுத்த முனையின் பிசிறை அரம் வைத்துத் தேய்க்க வேண்டும், பைப் முழுவதும் விடுபடாமல் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இன்னொன்று: ஏசி கேபிளை ஜிஐ பைப்பில் விட்டால் பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் போக வேண்டும். தனித்தனியாகப் போனால் பைப்பே சூடாகும்.

மதுரை: பைப் என்ன சைஸ்? பேனலிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு டிசி கேபிள்கள் தனித்தனிப் பைப்பிலா?

ஒரே பைப்பில் விடுங்கள். இரண்டும் விலகி ஓடினால் நடுவில் பெரிய வளையம் உண்டாகி, பக்கத்தில் இடி விழும்போது அதில் கூடுதல் மின்னழுத்தம் தூண்டப்படும். ஏசி கேபிளுக்கு மட்டும் வேறு பைப். 4 ஸ்கொயர் எம்எம் கேபிள் உறையோடு சுமார் 6 மிமீ தடிமன் இருக்கும். இரண்டு கேபிளுக்கு 20 மிமீ பைப் போதும் என்றாலும் 25 மிமீ போடுங்கள். நாளை இன்னொரு ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) சேர்த்தாலும் இடம் இருக்கும். திருப்பங்களில் சட்டென மடங்கும் எல்போ வேண்டாம், மெல்ல வளையும் நீள பெண்ட் போடுங்கள். கேபிளை இழுத்து முடித்த பிறகே கேபிள் முனையில் வரும் எம்சி4 கனெக்டரை மாட்டச் சொல்லுங்கள்.

ஈரோடு: மதியத்தில் பைப் வில் மாதிரி வளைகிறது. ஏன் சார்?

வெப்பத்தில் நீள்கிறது. 10 மீட்டர் பிவிசி, 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 செமீ நீளும். நடுவில் ஒரு எக்ஸ்பான்ஷன் கப்ளிங் (நீள இடம் விடும் இணைப்பு) வைத்து, பைப்பைப் பிடிக்கும் சாடில்களில் அது சற்று நகரும்படி விடுங்கள். தரையில் ஒட்டிக் கிடக்காமல் சின்னக் கட்டைகள் மேல் தூக்கி வைத்தால் மழைத் தண்ணீரும் தேங்காது.

கடலூர்: மழைக்குப் பிறகு, பேனல் கேபிள் வந்து சேரும் டிசி பெட்டிக்குள் தண்ணீர் இருந்தது, அண்ணா.

கேபிள் பெட்டியின் மேற்புறமாக நுழைகிறதா பாருங்கள் சகோதரி. கீழ்ப்புறமாக, கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) போட்டு நுழைக்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் வேண்டும். கேபிளை இழுப்பதற்கு முன்பே அதைப் போட வேண்டும். உங்கள் வீட்டில் கேபிள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதனால் டிரில் வைக்க விடாதீர்கள். அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி, துளை போட்ட துண்டாக மாற்றச் சொல்லுங்கள். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். ஆள் வரும்போது முதலில் டிசி ஐசொலேட்டரை (டிசி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைக்கச் சொல்லுங்கள்.