பயிற்சியில் சேருமாறு பிரெஞ்சில் அறிவுரை கூற ஏவல் வினை பொருந்துமா?

கேள்வி: என் நண்பருக்கும், வேறொரு நிறுவனத்தின் மூத்த அலுவலருக்கும் ஒரு பயிற்சியில் சேரச் சொல்லிப் பிரெஞ்சில் எழுத வேண்டும். ஏவல் வினையில் எழுதினால் கட்டளை போல் ஒலிக்காதா?

நண்பருக்கு ஒலிக்காது, மூத்த அலுவலருக்கு ஓரளவு ஒலிக்கக்கூடும். கோவையில் மாலை நேரங்களில் பிரெஞ்சு கற்பிக்கும் எனக்கு, திருப்பூர்ப் பின்னலாடை அலுவலகங்களிலிருந்து வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் இது. பிரெஞ்சு ஏவல் கட்டளைக்கு மட்டும் உரியதன்று. மருந்துச்சீட்டு, சமையல் குறிப்பு, விளம்பரம், அறிவுரை எல்லாவற்றிலும் அது இயல்பாகவே வருகிறது.

முதலில் வினைச்சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'அட்டெண்ட்' என்று பழகியவர்கள் 'அத்தாந்தே' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குக் 'காத்திருங்கள்' என்றுதான் பொருள். பயிற்சியில் சேர்ந்து கற்கச் சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது 'சுயிவே செத் ஃபொர்மாசியோன்'. 'பார்த்திசிப்பே ஆ செத் ஃபொர்மாசியோன்' என்றால் கலந்துகொள்ளுங்கள் என்றும், 'அன்ஸ்க்ரிவே வூ' என்றால் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்றும் பொருள்படும்.

இவை மரியாதை வடிவங்கள். நண்பருக்கு எழுதும்போது ஒருமையில் 'சுயி', 'பார்த்திசிப்', 'அன்ஸ்க்ரி துவா' என்று வர வேண்டும். நம் கொங்குப் பகுதியில் வயதில் சிறியவரைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்று அழைக்கிறோம். அந்த மரியாதையில் அன்பு குறைவதில்லை. அதே மனப்பாங்கில் உடன் படிப்பவருக்கும் 'நீங்கள்' என்னும் பொருளுள்ள 'வூ' போட்டு எழுதினால், பிரெஞ்சுக்காரர் காதில் அது அன்பாக விழாது, விலகி நிற்பதாகவே விழும். ஆகவே நண்பருக்குத் தயங்காமல் ஒருமையையே எழுதுங்கள்.

ஒருமையில் ஓர் எழுத்துப் பிழை பெரும்பாலானோருக்கு நேர்கிறது. 'ஈ-ஆர்' என்று முடியும் வினைகளில், நிகழ்கால முன்னிலை ஒருமையின் இறுதியில் உள்ள 'எஸ்' ஏவலில் விழுந்துவிடும், 'பார்த்திசிப்' அப்படிப்பட்டது. 'சுயி' அந்த வகையைச் சேராததால் அதன் 'எஸ்' அப்படியே நிற்கும். இரண்டிலும் அந்த எழுத்து ஒலிக்காது என்பதால் பேச்சில் தெரியாது. தேர்வுத்தாளில்தான் மதிப்பெண் போகும். ஆனால் பின்னால் 'அதில்' என்னும் பொருளில் 'இ' வந்தால், விழுந்த 'எஸ்' திரும்பி வந்து 'பார்த்திசிப்-ஸி' என்று ஒலிக்கும். 'போ' என்பதற்கான பிரெஞ்சு ஏவல் 'வா' என்பதும், அது இதே விதியால் 'வா-ஸி' ஆவதும் நம்மவர்களுக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

கட்டளைத் தொனியைத் தணிக்க எண்ணிப் பலர் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'சில் வூ ப்ளே', அதாவது 'தயவுசெய்து', சேர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது வந்தவுடன், கேட்பவரின் நன்மைக்காகச் சொன்ன அறிவுரை, சொல்பவரின் தேவைக்கான வேண்டுகோளாக மாறிவிடுகிறது. அதைவிட ஒரு காரணத்தைச் சேர்ப்பது நல்லது: துணிச் சோதனைப் பயிற்சியில் சேருங்கள், அடுத்த ஆர்டருக்குள் உங்களுக்கு அது கைகொடுக்கும் என்று எழுதினால் ஏவலின் கடுமை தானே குறைந்துவிடும்.

மூத்த அலுவலருக்கு மட்டும் ஏவலைத் தவிர்த்து, 'வூ தெவ்ரியே சுயிவ்ர் செத் ஃபொர்மாசியோன்', அதாவது 'இந்தப் பயிற்சியில் நீங்கள் சேர்ந்தால் நல்லது' என்றோ, 'ஜ வூ கொன்செய் த சுயிவ்ர்...', அதாவது 'சேருமாறு உங்களுக்கு அறிவுரை கூறுகிறேன்' என்றோ எழுதுங்கள்.

எதிர்மறையில் சொல்ல விரும்பினால் 'ந மான்க்கே பா செத் ஃபொர்மாசியோன்', அதாவது 'இந்தப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள்', மிகவும் பொருத்தமானது. பயிற்சியைச் சுட்டி 'அதை' என்னும் பொருள் தரும் 'லா', உடன்பாட்டில் வினைக்குப் பின்னால் 'சுயிவே-லா' என்றும், எதிர்மறையில் வினைக்கு முன்னால் 'ந லா மான்க்கே பா' என்றும் இடம் மாறும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.