எல்ஃப்களின் மனத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா?

கேள்வி: ஐரோப்பியக் கதைகளில் வரும் மாய இனத்தாரான எல்ஃப்களை வைத்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் மந்திரம் அறிந்தவர்கள். ஒருவர் மனத்தை மற்றவர் படிக்கக்கூடியவர்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அவர்களில் ஒருவன் துரோகம் செய்கிறான். “மனத்தைப் படிக்கிறவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்காதா?” என்று கேட்கிறாள் என் தங்கை. அந்தச் சக்தியையே எடுத்துவிடலாமா? ‘டெலிபதி’க்குத் தமிழில் ‘குறிப்பறிதல்’ என்று எழுதலாமா? நாவலிலிருந்து ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: எடுக்க வேண்டாம். தங்கை கேட்டது சரியான கேள்வி, அவரைக் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் கோளாறு சக்தியில் இல்லை. கதவை வைத்த நீங்கள் தாழ்ப்பாள் வைக்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இதைப் பற்றி மெனக்கெட்டு யோசித்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். எல்ஃப்கள் வரும் அவருடைய நாவல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து ‘ஓசன்வெ-கென்டா’ என்றொரு கட்டுரை எழுதினார். எண்ணப் பரிமாற்றம் பற்றிய விசாரணை என்று பொருள். அவருடைய கற்பனை உலகின் கோண்டோலின் நகரத்து எல்ஃப் அறிஞர் ஒருவர் சொன்னதைச் சுருக்கித் தருவதுபோல ஒரு பாவனை. டோல்கீன் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1998-இல்தான் அது அச்சேறியது.

அதில் உள்ள விதி எளிது. மனம் இயல்பில் திறந்தது. ஆனால் அதற்குரியவர் ‘மாட்டேன்’ என்று உள்ளுக்குள் எண்ணினால் போதும், மூடிக்கொள்ளும். அப்படி மூடியதைப் படைத்தவனைத் தவிர யாராலும் ஊடுருவ முடியாது. அந்த உலகின் ஆதிப் பகைவனான மெல்கோருக்கே முடியவில்லை. பலம் செல்லாது என்று கண்டவன் நட்பு காட்டுகிறான், பரிசு கொடுக்கிறான். கதவை உள்ளிருப்பவரே திறக்கும்படி செய்கிறான். வில்லனுக்கு இவ்வளவு வேலை வைக்கும் விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது உங்கள் துரோகியிடம் வருவோம். அவன் தன் மனத்தை மூடிக்கொள்ளட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. மூடியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். தெருவில் எந்நேரமும் திறந்தே கிடக்கும் வீடு ஒருநாள் பகலில் சாத்தியிருந்தால் அக்கம்பக்கத்தார் என்னவெல்லாம் நினைப்பார்கள்! துக்கமா, காதலா, கடனா? மனத்தை மூடிக்கொள்வது குற்றமும் அல்ல, அவரவர் உரிமை. ஆகவே யாரும் அவனிடம் கேட்கக் கூசுவார்கள். ஐந்தாம் அத்தியாயம் வரை கதையை இழுத்துச் செல்ல இந்தக் கூச்சமே போதும்.

இன்னொன்று. திறந்திருக்கும் மனங்களுக்கு நடுவிலும் எண்ணம் எப்போதும் தெளிவாகப் போய்ச்சேராது என்கிறது அந்தக் கட்டுரை. உடல் அதை மங்கலாக்குகிறது. பேசிப் பழகிய பழக்கமும் மங்கலாக்குகிறது. உறவோ அன்போ இருந்தால், அவசரமோ ஆபத்தோ நேர்ந்தால், சொல்பவருக்குக் கேட்பவர்மேல் அதிகாரம் இருந்தால் அது வலுப்பெறும். உங்கள் எல்ஃப்கள் “உணவு தயாரா?” என்பதைக்கூட மனத்தால்தான் கேட்கிறார்கள். வாயால் கேட்கட்டும். டோல்கீனின் எல்ஃப்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘க்வெண்டி’. குரலால் பேசுபவர்கள் என்று பொருள். மனத்தோடு மனம் பேசத் தெரிந்த இனம் தன் பேச்சைத்தான் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் கடைசிப் பகுதியில், போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில், எல்ஃப் தலைவர்களான கலாட்ரியலும் எல்ரோண்டும் இன்னும் இருவரும் இரவில் உதடு அசையாமல் பழைய நாட்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள். வழிப்போக்கன் பார்த்தால் கற்சிலைகள் என்றே நினைப்பான். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவலில் இப்படி வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் மிகச் சிலவே.

‘குறிப்பறிதல்’ வேண்டாம். குறளில் அந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. இரண்டும் முகத்தையும் கண்ணையும் பார்த்து உள்ளத்தை ஊகிப்பது பற்றியவை. அது பார்ப்பவரின் திறமை. இங்கே வேண்டியது திறப்பவரின் சம்மதம். டோல்கீன் ஆக்கிய எல்ஃப் சொல்லான ‘சன்வெ-லாத்யா’வுக்கு ‘எண்ணம் திறத்தல்’ என்பதே பொருள். நாமோ தினமும் ‘மனம் திறந்து’ என்கிறோம். ‘மனந்திறப்பு’ என்றே எழுதுங்கள்.

மந்திரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் இணைத்திருக்கும் பக்கம் கண்ணை உறுத்துகிறது. டோல்கீனின் நாவலில், லோத்லோரியன் என்ற எல்ஃப் நாட்டில் எல்ஃப்கள் தரும் மேலங்கிகளைப் பார்த்து “இவை மந்திர அங்கிகளா?” என்று கேட்கிறான் வெளியாளான பிப்பின். எல்ஃபுக்குக் கேள்வியே புரிவதில்லை. நல்ல துணி, நல்ல நெசவு, நாங்கள் நேசிப்பதையெல்லாம் நினைத்தபடி செய்தது என்ற பொருளில் பதில் சொல்கிறான். அவர்களுக்கு அது கைவேலை, வெளியாளுக்குத்தான் மாயம். உங்கள் எல்ஃப் சிறுவனோ “என் மந்திரத்தின் வலிமையைப் பார்!” என்று மார்தட்டுகிறான். அந்த வசனத்தைப் பக்கத்தில் வாய்பிளந்து நிற்கும் மனிதனிடம் கொடுத்துவிடுங்கள்.