லினக்ஸ் கேள்வி பதில்: ரூட்டாக நின்று விண்டோ திறக்கலாமா?

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் லினக்ஸ் பாவிக்கிறவர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டின: டெஸ்க்டொப் புரோகிராம் ஒன்றை சூடோ போட்டுத் திறப்பது. சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓட்டுகிற வழி. ஆகவே இந்தமுறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கிற விண்டோவில்) ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

உவர்மலை, ஏ.எல். மாணவர்: அண்ணா, என்னட்ட லினக்ஸ் மின்ட் 19 இருக்கு. ஒரு சிஸ்டம் கோப்பைத் திருத்த சூடோ எக்ஸ்எட் எண்டு போட்டுத் திறந்தன், வேலை முடிஞ்சுது. அடுத்தநாள் பாஸ்வேட் சரியா அடிச்சாலும் ஸ்கிரீன் ஒருக்கா கறுத்திட்டுத் திரும்ப லொகினுக்கே வருகுது. பாஸ்வேட் பிழை எண்டும் சொல்லேல்ல.

தம்பி, பாஸ்வேட் சரி. அதனால்தான் அது குறை சொல்லவில்லை. உள்ளே போன பிறகு, உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் ஏதோ ஒரு கோப்பில் எழுத முடியாமல் டெஸ்க்டொப் விழுந்துவிடுகிறது.

லொகின் பக்கத்தில் நின்றபடியே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வந்து பெயரும் பாஸ்வேட்டும் கேட்கும். அடிக்கும்போது நட்சத்திரம்கூட விழாது, பயப்பட வேண்டாம். உள்ளே போய் 'எல்எஸ் மைனஸ் எல்ஏ' என்று போட்டால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் வரிசையாக வரும். எக்ஸ்அதாரிட்டி, ஐஸ்அதாரிட்டி என்று முடியும் இரண்டையும் தேடுங்கள். மற்ற வரிகளில் உங்கள் பெயர் இரண்டு தரம் இருக்க, இவற்றில் மட்டும் 'ரூட் ரூட்' என்று இருந்தால் கள்ளன் பிடிபட்டான்.

திருத்தம், கோப்புகளின் சொந்தக்காரரை மாற்றுகிற சௌன் கட்டளையால்: சூடோ சௌன், இடைவெளி, மைனஸ் ஆர் (பெரிய எழுத்து), இடைவெளி, உங்கள் பயனர்பெயரும் அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும், இடைவெளி, உங்கள் ஹோம் கோப்புறையின் முழுப் பாதை. அந்தப் பாதையை அடித்துவிட்டு என்டர் தட்டமுன் ஒருக்கால் பாருங்கள். தவறுதலாக வெறும் சாய்கோடு மட்டும் நின்றால் முழு சிஸ்டமும் உங்கள் பெயருக்கு மாறிவிடும், அதன் பிறகு சூடோவே வேலை செய்யாது. முடிந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி லொகினுக்குத் திரும்பலாம். ரூட் என்று எதிலும் இல்லையென்றால் 'டீஎஃப் மைனஸ் எச்' போட்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிரம்பினாலும் இதே விளையாட்டுத்தான்.

ஏன் இப்படி வந்தது? மின்ட் 19 உபுண்டு 18.04இன் மேல் கட்டியது. அந்தக்கால உபுண்டுவில் சூடோ போட்டாலும் 'ஹோம் எது' என்ற விவரம் உங்களுடையதாகவே நிற்கும். ஆக, புரோகிராம் ஓடுவது ரூட்டாக, அது செட்டிங்ஸ் எழுதுவது உங்கள் கோப்புறைக்குள். எழுதியவன் ரூட் என்பதால் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடுகிறது. உபுண்டு 19.10இல் இதை மாற்றி, சூடோ போட்டால் ஹோமும் ரூட்டின் கோப்புறையாகும்படி செய்தார்கள். மின்ட் 19க்கு ஆதரவு 2023 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. சோதனை முடியட்டும், பிறகு புதியதைப் போடுங்கள்.

கிண்ணியா, கணினி திருத்தும் கடை: கடையில இருக்கிறது நான் ஒருத்தன்தான். என்ட கொம்பியூட்டர்ல நான் ரூட்டா நிண்டா ஆருக்கு என்ன நட்டம்?

உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் இல்லை தம்பி, நீங்கள் திறக்கிற புரோகிராம்களும் இருக்கின்றன. கடை என்றபடியால் கட்டாயம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் ட்ரைவைச் செருகி, ஃபைல் மேனேஜரை சூடோவில் திறக்கிறீர்கள். நீங்கள் எதையும் கிளிக் பண்ணமுன்னமே அது படங்களையும் பீடிஎஃப்களையும் திறந்து படித்துச் சின்னப் படமாக்கப் பார்க்கும். படத்தைப் படிக்கிற அந்த நிரலில் ஓட்டை இருந்து, பென் ட்ரைவில் அதற்கென்றே செய்த படமும் இருந்தால், கெட்ட வேலை ரூட்டின் கையால் நடக்கும். சாதாரண பயனராக நின்றிருந்தால் உங்கள் கோப்புகளோடு போயிருக்கும்.

இன்னொன்று, இதை நீங்களே செய்து பார்க்கலாம். எக்ஸ் என்கிற பழைய விண்டோ முறையில் (மின்டில் வழக்கமாக இருப்பது அதுதான்) ஒரு டெர்மினலில் சூடோ இல்லாமல் 'எக்ஸ்இன்புட் லிஸ்ட்' அடியுங்கள். கீபோர்டின் எண் தெரியும். 'எக்ஸ்இன்புட் டெஸ்ட்' என்று போட்டு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, வேறொரு விண்டோவில், ரூட்டாகத் திறந்த விண்டோவிலேயே, ஏதாவது தட்டுங்கள். ஏ எழுத்தைத் தட்டினால் முதல் டெர்மினலில் 'கீ பிரஸ் 38' என்று விழும். ஒவ்வொரு எழுத்தும் விழும். எந்த அனுமதியும் கேட்கவில்லை. எக்ஸ் 1984இல் எம்ஐடியில் பிறந்தது. ஒரே திரையில் ஓடுகிற புரோகிராம்கள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் கட்டியது. கேட்க முடிகிறதுபோல, மற்ற விண்டோவுக்குள் எழுத்துகளை அனுப்பவும் முடியும். ரூட் விண்டோ ஒன்று திறந்திருந்தால், பக்கத்தில் சாதாரணமாக ஓடுகிற புரோகிராம் அதற்குள் தட்டலாம்.

வேலண்ட் என்கிற புதிய விண்டோ முறையில் இந்த ஒட்டுக்கேட்பு நடக்காது. அதனால்தான் அடுத்த கேள்வியே வருகிறது.

சாம்பல்தீவு: அண்ணா, டிஸ்க் பிரிக்கிற ஜீபார்டட் திறந்தா 'டிஸ்ப்ளே திறக்க முடியாது' எண்டு வந்தது. யூடியூப்ல 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' அடிக்கச் சொன்னாங்க. அடிச்சன், சரிவந்தது. பிரச்சினை ஏதும் இருக்கா?

இருக்கிறது. 'எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ்' என்று அடித்து அதை இப்போதே மூடுங்கள். வெறும் பிளஸ் போட்டால் யார் வந்து கேட்டாலும் உங்கள் திரை அவருக்குத் திறந்துவிடும்.

உபுண்டு 2017இல் 17.10 பதிப்பில் முதன்முறை வேலண்டை இயல்பாக வைத்தபோது ஜீபார்டட், புரோகிராம்களை இன்ஸ்டோல் பண்ணுகிற சினாப்டிக் போன்றவை இப்படித்தான் அடம்பிடித்தன. 18.04இல் உபுண்டு பழையபடி எக்ஸுக்கே போனதும் தெரிந்திருக்கும். இப்போதைய ஜீபார்டட் தானாகவே ரூட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மூடும்போது திரும்ப எடுத்துவிடுகிறது. அது திறக்கவில்லையென்றால் பதிப்பு பழையது; புதுப்பியுங்கள். ரூட்டாகத் திறக்க நியாயம் இருக்கிற ஒருசில விண்டோக்களில் ஜீபார்டட்டும் ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டிஷன் வெட்டுவது பயனர் வேலை இல்லை.

பாலையூற்று: முந்தி விண்டோ புரோகிராமை ரூட்டாத் திறக்க 'ஜீகேசூடோ' எண்டு ஒண்டு இருந்தது. இப்ப இன்ஸ்டோல் பண்ணவே ஏலாது. எங்க போச்சு?

2018இல் டெபியனும் உபுண்டுவும் அதைத் தூக்கிவிட்டன. பராமரிப்பார் இல்லை. தேடி எடுத்துப் போட வேண்டாம். அதற்குப் பதில் 'பீகேஎக்ஸெக்' என்பார்கள். ஆனால் அதைப் போட்டு எந்த விண்டோவையும் திறக்கலாம் என்றில்லை. இந்தப் புரோகிராமைத் திறக்கலாம் என்று தனியாக ஒரு அனுமதிக் கோப்பு இருந்தால்தான் திரையைக் காட்டும். அந்த பீகேஎக்ஸெக்கிலேயே 2009 முதல் ஒரு ஓட்டை இருந்தது. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டார்கள், எந்தச் சாதாரண பயனரும் ரூட்டாகலாம் என்று. சிஸ்டத்தை அப்டேட் பண்ணியிருந்தால் அது அடைபட்டிருக்கும்.

மூதூர், ஆசிரியை: பாடசாலை கணினி அறையில் ஹோஸ்ட்ஸ் என்ற சிஸ்டம் கோப்பை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுக்க வேண்டும். டெர்மினலுக்குள்ளேயே திருத்துகிற நேனோ எடிட்டர் அவர்களுக்குக் கஷ்டம். விண்டோவில் திருத்த நல்ல வழி இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர், நான் மிகவும் விரும்பும் வழியும் அதுதான். சூடோஎடிட் என்று சேர்த்து அடித்து, கோப்பின் பாதையைக் கொடுங்கள். அது கோப்பைத் தற்காலிகமாகப் பிரதி எடுத்து உங்கள் பெயருக்கு வைக்கும். எடிட்டர் உங்கள் பயனராகவே திறக்கும். மூடும்போது மாற்றம் இருந்தால் மட்டும் சூடோ அதைப் பழைய இடத்தில் எழுதும். விண்டோ கடைசிவரை ரூட் ஆவதில்லை. பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தவும் வசதி: எழுதிவைக்கிற ஒரு கணத்துக்குத்தான் ரூட் தேவைப்பட்டது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேனோ வராமல் ஜீஎடிட் என்ற விண்டோ எடிட்டர் வர, சூடோ_எடிட்டர் என்ற மாறியை (எல்லாம் பெரிய எழுத்து) 'ஜீஎடிட் மைனஸ் டபிள்யூ' என்று வைக்க வேண்டும். மைனஸ் டபிள்யூ முக்கியம். அது இல்லாவிட்டால், ஜீஎடிட் ஏற்கனவே திறந்திருக்கிற நேரத்தில், திருத்தமுன்பே சூடோ வேலை முடிந்தது என்று நினைத்துப் போய்விடும்.

டெர்மினலே வேண்டாமென்றால், க்னோம் டெஸ்க்டொப்பின் ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் எல் அழுத்தி, அட்மின், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, பிறகு பாதை. பாஸ்வேட் கேட்டுத் திறக்கும். கேடிஈ டெஸ்க்டொப் பாவித்தால் இன்னும் லேசு: கேட் எடிட்டரைச் சும்மா திறந்து திருத்துங்கள், சேமிக்கும்போது அதுவே பாஸ்வேட் கேட்கும். கேட் 2017இல் 'சூடோவில் என்னைத் திறக்காதே' என்று மறுக்கத் தொடங்கியபோது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது.

கோணேசபுரி, வளாக மாணவி: அண்ணா, வெப்சைட் செய்து பாக்க சாம்ப் போட்டிருக்கிறன். அதின்ர எச்டிடொக்ஸ் கோப்புறைக்குள்ள ஒண்டும் கொப்பி பண்ண விடுதில்ல, அதால சூடோவில ஃபைல் மேனேஜர் திறந்து போடுறன். ஃப்ரெண்ட் ஒராள் 777 குடு எண்டு சொல்றா. எது சரி?

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. சூடோ ஃபைல் மேனேஜரால் போட்ட கோப்பெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகி, நாளைக்கு எடிட்டரில் திருத்தப் போனால் அங்கேயும் சூடோ கேட்கும். இப்படியே எல்லாம் சூடோவாகிவிடும். 777 கொடுப்பது, அதாவது யாரும் வாசிக்கவும் எழுதவும் ஓட்டவும் விடுவது, திறப்பு தொலைந்ததென்று கதவையே கழற்றி வைப்பது.

ஒருமுறை மட்டும் டெர்மினலில் சூடோ போட்டு, எச்டிடொக்ஸுக்குள் உங்கள் புரொஜெக்ட் பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, சௌன் கட்டளையால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு வழமையான ஃபைல் மேனேஜரே போதும். படம் அப்லோட் பண்ணுகிற பக்கம் இருந்தால் அது வேலை செய்யாது. ஏனென்றால் லினக்ஸில் சாம்பின் வெப் சேர்வரான அப்பாச்சி, டீமன் என்ற பயனராக ஓடுகிறது. அப்லோட் கோப்புறையை மட்டும் டீமன் குழுவுக்குக் கொடுத்து, குழு எழுதலாம் என்று அனுமதியுங்கள்.

நிலாவெளி: புறாத்தீவுப் பக்கம் தண்ணிக்கடியில எடுத்த படமெல்லாம் ஒரே டிஸ்க்கில. விண்டோஸிலயும் உபுண்டுவிலயும் மாறி மாறி பாவிக்கிறன். உபுண்டுவில வாசிக்க ஏலும், எழுத ஏலாது. ரூட்டா திறந்தும் பாத்திட்டன்.

ரூட்டாலும் முடியாதது என்றால் அது அனுமதிப் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதி உறக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் உள்ள டிஸ்க்கில் எழுதினால் கோப்பு குழம்பும் என்று லினக்ஸ் வாசிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். சரிவந்தால் பவர் ஒப்ஷன்ஸில் அதை நிரந்தரமாக நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்தி எழுதவைக்கிற கட்டளைகளும் இணையத்தில் கிடக்கும். படங்கள் முக்கியமென்றால் தொடாதீர்கள்.

அன்புவழிபுரம்: ஆர்டுயினோ சர்க்கிட் போட்டுக்கு நிரல் எழுதுற ஐடிஈயை சூடோவில திறந்தாத்தான் அதுக்கு அப்லோட் ஆகுது.

'சூடோ அட்யூசர்', உங்கள் பயனர்பெயர், 'டயல்அவுட்'. லொக் அவுட் பண்ணி உள்ளே வாருங்கள். யூஎஸ்பி போர்ட் டயல்அவுட் குழுவுக்குச் சொந்தம், அந்தக் கட்டளை உங்களை அதில் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

தம்பலகாமம்: வயர்ஷார்க்குக்கும் அப்படியா?

அப்படித்தான். 'சூடோ டீபீகேஜி மைனஸ் ரீகொன்ஃபிகர் வயர்ஷார்க் மைனஸ் கொமன்' என்று இடைவெளி விடாமல் மைனஸ்களைச் சேர்த்து அடித்தால் ஒரு கேள்வி வரும், ஆம் சொல்லுங்கள். பிறகு வயர்ஷார்க் குழுவில் உங்களைச் சேருங்கள். நெட்வர்க்கில் போகிற தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடிப்பது டம்ப்கேப் என்ற சின்னப் புரோகிராம். அதற்கு மட்டும் அதிகாரம் போகும். வெளியிலிருந்து யார் யாரோ அனுப்பிய பாக்கெட்டுகளைப் பிரித்து வாசிக்கிற பெரிய விண்டோ ரூட்டாக நிற்கத் தேவையில்லை.

லிங்கநகர்: காளி லினக்ஸ்ல எப்பவும் ரூட்டாத்தான் இருப்பன். விஎல்சி திறக்க மாட்டேங்குது, குரோமும் அப்படியே.

அவற்றுக்கு உங்களைவிடப் பயம் அதிகம். ரூட்டாக ஓட மாட்டேன் என்று விஎல்சி சொல்லிக்கொண்டே மறுக்கும். குரோம், சாண்ட்பொக்ஸை (இணையப் பக்கங்களை அடைத்துவைக்கிற பாதுகாப்பை) நிறுத்தினால்தான் வருவேன் என்கிறது. நிறுத்தினால் பிறகு எந்த இணையத்தளமும் ரூட்டுக்குப் பக்கத்தில். காளியே 2020இன் முதல் பதிப்பிலிருந்து சாதாரண பயனருக்கு மாறிவிட்டது. நீங்களும் மாறுங்கள்.

மடத்தடி, ஒரு தகப்பன்: மகன் டெபியன் எண்டு ஒண்டு போட்டுத் தந்திருக்கிறான். சூடோ அடிச்சா நான் பட்டியல்ல இல்லையாம், 'இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்' எண்டு வருகுது. ஆருக்கு அறிவிக்குது? வெளியில ஏதும் போகுதா?

எங்கேயும் போகாது ஐயா. அந்தக் கணினியின் ரூட்டுக்குத்தான் அறிவிப்பு, அந்த ரூட் உங்கள் மகன். டெபியன் போடும்போது ரூட்டுக்கு என்று தனிப் பாஸ்வேட் கொடுத்தால், அது சாதாரண பயனரை சூடோ பட்டியலில் சேர்க்காது. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் சேர்த்திருக்கும். மகனிடம் ரூட் பாஸ்வேட்டைக் கேட்டு, 'எஸ்யூ', இடைவெளி, 'மைனஸ்' என்று அடித்து உள்ளே போய், 'அட்யூசர்', உங்கள் பயனர்பெயர், 'சூடோ' என்று போடுங்கள். அந்த மைனஸை விட்டுவிட்டால் அட்யூசர் என்ற கட்டளையே இல்லை என்று சொல்லும். டெபியன் 10இலிருந்து அப்படி. பிறகு ஒருதரம் லொக் அவுட் பண்ணி வாருங்கள், சூடோ வேலை செய்யும்.