வெளிநாட்டுப் பயணத்துக்குக் குறைந்த செலவில் கேமரா: லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு முதன்முறையாக வெளிநாடு போகிறோம். பத்து நாள் பயணம். பழைய கட்டடங்கள், அருங்காட்சியகங்கள், இரவு நேரத் தெருக்கள் என்று நிறையப் படம் எடுக்க ஆசை. கையில் ஓரளவு நல்ல போன் இருக்கிறது. 18-55 மி.மீ., 70-300 மி.மீ. என இரண்டு ஜூம் லென்ஸ் சேர்ந்து வரும் புது டிஎஸ்எல்ஆர் செட் ஒன்று பட்ஜெட்டுக்குள் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல செட்தான், ஆனால் நீங்கள் சொன்ன இடங்களில் அது திணறும். அருங்காட்சியகமும் இரவுத் தெருவும் வெளிச்சம் குறைந்த இடங்கள். செட்டோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப் 1.8 வரை திறக்கும், ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன், அதை ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில் ப்ரைமுக்கு 640 போதும். ஃப்ளாஷ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பாரிஸின் லூவர் உட்படப் பல அருங்காட்சியகங்களில் ஃப்ளாஷ், ட்ரைபாட் இரண்டுக்கும் தடை.

70-300 காட்டு விலங்குக்கும் விளையாட்டுக்கும் உதவும். உங்கள் பயணத்தில் அது பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

உங்கள் பணத்தில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள். பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, செகண்ட் ஹேண்டில் பாருங்கள். உதாரணத்துக்கு சோனி ஏ6000. 2014-ல் வந்தது, 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), பேட்டரியோடு 344 கிராம். 4கே வீடியோ கிடையாது, வெளி மைக்குக்கான வழக்கமான ஜாக் இல்லை. வீடியோவைப் போனில் எடுத்துக்கொள்ளலாம். புகைப்படத்துக்கு இன்றும் தாராளமாகப் போதும். அதோடு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. ஏபிஎஸ்-சி சென்சாரில் அது, ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக்கு அருகில் வரும். முகங்களுக்கும் தெருக்களுக்கும் இதைவிடப் பொருத்தமான ஒற்றை லென்ஸ் எனக்குத் தெரியவில்லை. முழுக் கட்டடமும் ஃப்ரேமுக்குள் வரவேண்டுமா, போனின் அல்ட்ரா வைட் இருக்கவே இருக்கிறது.

நிகான் டி3500, டி5600 மாதிரி டிஎஸ்எல்ஆர் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸ் விலை குறைவு என்று வாங்கிவிட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நான் ஒருமுறை கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். வெயிலுக்கு எதிரே எடுத்த அத்தனை படமும் வெளிறிப்போய் வந்தது. அப்புறம் எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கரும்புள்ளிகள் சென்சார் தூசி. சுத்தம் செய்தால் போய்விடும். கோடு தெரிந்தால் கீறலாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். தொடக்கநிலை பாடிகள் பலவற்றில் ஷட்டர் ஒரு லட்சம் முறை வரை சோதிக்கப்பட்டது. அந்த எண்ணை நெருங்கியிருந்தால் பேரம் பேசலாம்.

மீதிப் பணத்தில் கூடுதலாக இரண்டு பேட்டரி. ஏ6000-ல் ஒரு சார்ஜுக்கு 300-லிருந்து 360 படம்தான் வரும். கூடுதல் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. சிறிய கேமரா பேட்டரிகள் 10 வாட்-மணியைக்கூடத் தாண்டாது. முனைகள் உலோகத்தில் படாமல் உறையில் போடுங்கள். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். கார்டு 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணம் மிஞ்சும்.

போகும் நாட்டிலேயே மலிவாக வாங்கலாமே என்றும் தோன்றும். பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதை வாங்கினாலும் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே வாங்கி, தினமும் மாலையில் வீட்டுக்குள் எடுத்துப் பழகுங்கள். அபெர்ச்சர் பிரயாரிட்டி மோட் (துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சம் 6400, மனிதர்கள் இருந்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனி முகத்துக்கு 1.8 சரி. குடும்பத்தை இரண்டு வரிசையாக நிறுத்தினால் எஃப் 4-க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசை மங்கிப்போகும்.